கோட்டாறு திருவிழாத் தட்டிகளுக்கு: சவேரியாரின் பாஸ்க் மக்களைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

வடசேரி வாசகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவை ஒட்டி எங்க நூலகத்துல "சவேரியார் பிறந்த மண்"னு பத்துத் தட்டி வைக்கப் போறோம். எழுதி முடிச்ச வரைவைப் படிச்சுப் பார்த்த மூணு பேரு மூணு விதமா திருத்துறாங்க. ஒருத்தர் "ஸ்பெயின் நாட்டவர்"னு போடச் சொல்றார். இன்னொருத்தர் "பாஸ்க் இனம், அது தமிழோட பங்காளி மொழி பேசுற இனம்"னு போடணும்ங்கிறார். மூணாமவர் "கடற்கரையில பிறந்தவர், அதனாலதான் நம்ம கடற்கரைக்கு வந்தார்"னு எழுதிக் கொடுத்திருக்கார்.

இதுல எது சரி? அப்புறம், கடைசி நாள் வர்றவங்களுக்கு ஒரு கிண்ணம் பாஸ்க் சாப்பாடு கொடுக்கலாம்னு நினைப்பு. நம்ம ஊர் மீனை வச்சு, நூறு பேருக்கு ஆகுற மாதிரி ஏதாவது இருக்கா? மேடையில வில்லுப்பாட்டும் உண்டு. அவங்க ஊர்ப் பாட்டு எதையாவது அதோட சேர்த்துச் சொல்ல முடியுமான்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏட்டுச்சுவடி:

முதல் தட்டியில் "நவார் நாட்டவர், பாஸ்க் மொழி பேசியவர்" என்று போடுங்கள். பாஸ்க் மக்கள் ஸ்பெயினின் வடக்கிலும் அதை ஒட்டிய பிரான்ஸ் பகுதியிலும் வாழ்பவர்கள், நவார் இன்று வட ஸ்பெயினில் இருக்கிறது. காரணம் இது.

சவேரியார் 1506 ஏப்ரல் 7இல் ஹவியேர் கோட்டையில் பிறந்தபோது நவார் தனி அரசு. அப்பா யுவான் தெ யாஸோ அந்த அரசின் அரச மன்றத் தலைவர். 1512இல் காஸ்தில் (இன்றைய ஸ்பெயினுக்கு அடிப்படையான பெரிய அரசு) படை வந்து நவாரைப் பிடித்தது. சவேரியாருக்கு அப்போது வயது ஆறு. 1515இல் அப்பா இறந்தார். நாட்டை மீட்க நடந்த முயற்சி தோற்ற பிறகு, 1516இல் அந்தக் கோட்டையின் கோபுரங்களையும் மதிலையும் இடிக்க உத்தரவு வந்தது. பிறந்த வீட்டை இடிப்பதைப் பத்து வயதில் பார்த்த பிள்ளையை எந்த விளக்கமும் இல்லாமல் "ஸ்பெயின் நாட்டவர்" என்று எழுதினால் பாதி வாழ்க்கையே மறைந்துபோகும்.

இதே தட்டியில் சேர்க்க வேண்டிய இன்னொன்று: 1521 மே மாதம் நவாரின் தலைநகர் பம்ப்லோனாவின் கோட்டை முற்றுகையில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் காலில் குண்டடி பட்டார். அவர் நின்றது காஸ்தில் பக்கம். சவேரியாரின் அண்ணன்மார் இருவரும் எதிரணியில், நவார் அரசனை மீண்டும் அமர்த்தப் போரிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, பாரிசில் சாந்த் பார்ப் கல்லூரியில் சவேரியாரும் இஞ்ஞாசியாரும் ஒரே அறையில் தங்கினார்கள். இருவருமே பாஸ்க் மக்கள்.

கடற்கரைக்காரர் என்பது தவறு. ஹவியேர், நவாரின் கிழக்கு ஓரத்தில், அரகோன் எல்லைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. நவாருக்குக் கடற்கரையே அப்போது கிடையாது. 1200ஆம் ஆண்டிலேயே கடலோரப் பாஸ்க் பகுதியான கிபுஸ்கோவா காஸ்தில் கைக்குப் போய்விட்டது. அந்த வாக்கியத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.

கொடி வரையும்போதும் கவனம் தேவை. சிவப்புத் துணியில் பச்சைப் பெருக்கல் குறி, அதன் மேல் வெள்ளைச் சிலுவை போட்ட இக்குர்ரினியா கொடியை அரானா சகோதரர்கள் வடிவமைத்தது 1894இல். அதைச் சவேரியார் படத்துக்குப் பின்னால் வைத்தால் முந்நூற்றைம்பது ஆண்டு பிசகும். அவர் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் பொன் சங்கிலி போட்ட நவார் சின்னம்தான் பொருந்தும். இக்குர்ரினியாவை இன்றைய பாஸ்க் மக்கள் பற்றிய தட்டியில் வையுங்கள். பச்சை அடியில், வெள்ளை மேலே. பலர் தலைகீழாக வரைந்துவிடுகிறார்கள்.

கடைசித் தட்டிக்கு ஒரு செய்தி. நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடும் அதே டிசம்பர் 3தான் நவார் நாள். பாஸ்க் மொழி நாளும் அதுவே. எவுஸ்கோ இகஸ்குன்சா என்ற பாஸ்க் ஆய்வுக் கழகம் 1949இல் அந்த நாளைச் சவேரியாருக்காகவே தேர்ந்தது. சீனக் கரையோரச் சான்சியன் தீவில் சாகும் தறுவாயில், கூட இருந்தவருக்குப் புரியாத மொழியில் அவர் பேசினார், அது தாய்மொழியான பாஸ்க்தான் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் மரபு. "மரபு" என்ற சொல்லோடு எழுதுங்கள்.

புத்தன்வீடு:

ஏட்டுச்சுவடி சொன்னதோடு மொழிப் பகுதியை நான் சேர்க்கிறேன்.

"தமிழின் பங்காளி" என்பதை எழுத வேண்டாம். பாஸ்க் மொழிக்கு (அவர்கள் சொல்வது எவுஸ்கரா) இன்றுவரை உறவு மொழி என்று எதையும் நிறுவ முடியவில்லை. ரோமர் காலக் கல்வெட்டுகளில் பெயர்களாக மிஞ்சியிருக்கும் அக்குவித்தானிய மொழி மட்டும் அதன் முன்வடிவம்.

இந்தத் தமிழ் உறவுப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடலாம். இரண்டுமே ஒட்டுகளை அடுக்கும் மொழிகள், இரண்டிலும் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். எச்செ என்றால் வீடு, எச்செரா வீட்டுக்கு, எச்செதிக் வீட்டிலிருந்து. பார்த்தவுடன் மயக்கம் வருவது இயல்புதான். ஆனால் துருக்கி, ஜப்பான் மொழிகளும் இப்படித்தான் அடுக்குகின்றன. அடுக்கும் முறை ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. எண்ணிப் பாருங்கள்: பத், பி, ஹிரு, லாவ், போஸ்த், செய், சஸ்பி, சோர்ட்சி, பெதெராட்சி, ஹமார். ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு சொல்கூட நம்மோடு ஒட்டவில்லை. எண்ணும் முறையும் வேறு, இருபது இருபதாக எண்ணுவார்கள். ஹோகெய் 20, பெர்ரோகெய் இரு இருபது, அதாவது 40. எழுபத்தைந்தை "அறுபதும் பதினைந்தும்" என்பார்கள்.

அடிக்கடி காட்டப்படும் சான்று "உரி = ஊர்". மேற்குப் பாஸ்க் வட்டாரத்தில் உரி என்றால் நகரம், உண்மைதான். பொது வழக்கில் அதே சொல் ஹிரி. அதன் பழைய வடிவத்தில் இருந்தது லகரம்: இலி. பாஸ்க் மொழியில் இரண்டு உயிருக்கு நடுவில் வந்த பழைய ல, ர ஆகிவிடும். இலத்தீனிலிருந்து வாங்கிய சொற்களில் இது பளிச்சென்று தெரியும்: வானத்தைக் குறிக்கும் கேலும் அங்கே செரு ஆயிற்று, ஆஞ்செலுஸ் அயிங்கெரு ஆயிற்று. ஆக ஊரோடு ஒப்பிட வேண்டியது இலி, உரி அல்ல. அங்கேயே ஒப்புமை விழுந்துவிடுகிறது. "அமா = அம்மா" என்பதும் வேண்டாம், குழந்தை வாயில் முதலில் வரும் ஒலி அது, உலகம் முழுவதும் உண்டு. இன்னொரு பெரிய வேறுபாடு: "மனிதன் வந்தான்" என்றால் கிசோனா, "மனிதன் பார்த்தான்" என்றால் கிசோனக். செயப்படுபொருள் ஏற்கும் வினை வந்தால் எழுவாய்க்கே ஒரு க் ஒட்டும். தமிழ் எழுவாய்க்கு அப்படி எந்த உருபும் இல்லை.

அப்படியானால் தமிழோடு இணைக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதுவும் சவேரியார் கைப்பட எழுதியது. 1544 ஜனவரி 15இல் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மக்களுக்கு இயல்பான மொழி மலபார், தனக்கு பிஸ்காய், அதனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்கிறார். மலபார் என்று அன்றைய ஐரோப்பியர் இங்கே குறித்தது தமிழை, பிஸ்காய் என்றது பாஸ்க்கை. தங்கள் மொழியும் அவர்கள் மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, பல நாள் உட்கார்ந்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் எல்லாவற்றையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினதையும் அதிலேயே எழுதியிருக்கிறார். பாஸ்க்கும் தமிழும் ஒரே வரியில் நிற்கும் அந்தக் கடிதம் போதும். அதற்கென்று ஒரு தட்டி ஒதுக்குங்கள்.

அடுத்தது பெயர். எச்செ வீடு, பெர்ரி புதியது. எச்செபெர்ரி என்ற ஊர்ப்பெயர்தான் தேய்ந்து ஷபியேர், ஹவியேர், சேவியர், சவேரியார் ஆயிற்று. நம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் "புத்தன்வீடு" என்று எத்தனை வீட்டுப்பெயர்! அதே பெயர்தான் அது. இதைத் தட்டியில் பெரிய எழுத்தில் போட்டால் வருகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

அவர்கள் வழக்கமும் நம் வீட்டுப்பெயர் வழக்கத்துக்கு வெகு பக்கம். கொய்கோஎச்செயா என்றால் மேலவீடு, எலிசோந்தோ என்றால் தேவாலயத்து ஓரம். குடும்பப்பெயர் பெரும்பாலும் வீடோ நிலமோ தந்தது. ஆனால் பாகப்பிரிவினை மட்டும் நேர்மாறு. பண்ணைவீட்டை, அதாவது பசெர்ரியை, துண்டு போட மாட்டார்கள். ஒரே வாரிசுக்கு முழுதாகப் போகும். பல பள்ளத்தாக்குகளில் மூத்தது பெண்ணானாலும் அவளுக்கே. மற்ற பிள்ளைகளுக்குக் கடல், குருமடம், அமெரிக்கா என்று வழி பிரிந்தது. இத்தனை மாலுமிகளும் மிஷனரிகளும் ஒரு சின்ன மண்ணிலிருந்து புறப்பட்டதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கோயில் தரையில் ஒரு கல்லறை இடம் உண்டு. வீட்டுத்தலைவி அங்கே மெழுகுத்திரி ஏற்றுவாள். அதற்கான பலகை அர்கிசயோலா: கையகலச் செதுக்குமரம், அதன்மேல் நூல்போல நீளமான மெல்லிய மெழுகுத்திரியைச் சுற்றி வைத்திருப்பார்கள், எரிய எரிய அவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் நெருப்பு அடுத்த சுற்றுக்குத் தாவிப் பலகையே கருகும். கிபுஸ்கோவாவின் அமெஸ்கெத்தா ஊரில் கல்லறைத் திருநாளை ஒட்டி இன்னும் ஏற்றுகிறார்கள். நம் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த எவருக்கும் இது சொல்லாமலே விளங்கும்.

அடுப்படி:

சாப்பாட்டுக்கு மர்மிதாகோ செய்யுங்க. பாஸ்க் மீனவர்கள் படகிலேயே வைக்கிற சூரை மீன் குழம்பு. மர்மிதான்னா பானை, "கோ" உரிமை ஒட்டு, பானையில ஆனதுன்னு அர்த்தம். அங்க வெள்ளைச் சூரையில செய்வாங்க, ஜூன்ல இருந்து அக்டோபர் வரை அதுக்குப் பருவம். நமக்குக் குளச்சல்லயும் தேங்காய்ப்பட்டணத்துலயும் கிடைக்கிற சூரை போதும்.

ஆனா தட்டியில "சவேரியார் சாப்பிட்ட உணவு"ன்னு மட்டும் போட்டுடாதீங்க. இதுல இருக்கிற உருளைக்கிழங்கு, மிளகாய் ரெண்டுமே அமெரிக்காவுல இருந்து போனது. அவர் சின்ன வயசுல அந்த மலைநாட்டு அடுப்புக்கு அது வந்து சேரல. "இன்றைய பாஸ்க் மீனவர் உணவு"ன்னு போடுங்க.

நூறு சின்னக் கிண்ணத்துக்கு: உருளைக்கிழங்கு 12 கிலோ, சுத்தம் பண்ணின சூரைச் சதை 7 கிலோ (முழு மீனா வாங்கினா 14 கிலோவுக்குக் குறையாம வாங்கணும், தலை, முள், கருஞ்சதை போக பாதிதான் தேறும்), பெரிய வெங்காயம் 3 கிலோ, பச்சைக் குடைமிளகாய் 2 கிலோ, பூண்டு கால் கிலோ, காஷ்மீரி வத்தல் 200 கிராம், எண்ணெய் ஒரு லிட்டர். எண்ணெய் ஆலிவ்தான் முறை. விலை கட்டாதுன்னா கடலை எண்ணெய் ஊத்துங்க. தேங்காயெண்ணெய் ஊத்தினா வாசம் நம்ம மீன்கறிக்குப் போயிடும். புளியும் தேங்காயும் கிடையாது.

அவங்க வத்தல் சோரிசேரோன்னு ஒரு ரகம், காரமே இருக்காது, சதை கனமா இருக்கும், ஊற வச்சு கரண்டியால வழிச்சு எடுப்பாங்க. காஷ்மீரி வத்தல்ல வழிக்கிற அளவு சதை இல்ல. அதனால விதையை உதறிட்டு, வெந்நீர்ல அரை மணி ஊற வச்சு, அரைச்சு வடிகட்டுங்க. வடிகட்டாம விட்டா தோல் நாக்குல தட்டும்.

வெங்காயம், குடைமிளகாய், பூண்டு மூணையும் சிறு தீயில இருபது நிமிஷமாவது வதக்கணும். செவக்க விடாதீங்க, குழைஞ்சா போதும். வத்தல் விழுதைத் தீயைக் குறைச்சுட்டு சேர்க்கணும், கருகினா மொத்தப் பானையும் கசக்கும்.

இப்போ உருளைக்கிழங்கு. இந்தக் குழம்போட உயிர் இதுலதான் இருக்கு. கத்தியால நறுக்கித் தள்ளக் கூடாது. கத்தியைக் கிழங்குல பாதி வரை இறக்கி, அப்படியே திருப்பி நெம்பினா மிச்சப் பாதி "டக்"னு உடையும். உடைஞ்ச முகம் சொரசொரன்னு இருக்கும், அங்கிருந்துதான் மாவு இறங்கிச் சாறு கெட்டிப்படும். வழவழன்னு வெட்டின கிழங்கைப் போட்டா ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் தண்ணியாவே நிக்கும். புதுக்கிழங்கும் ஆகாது, பழைய மாவுக்கிழங்கா பாத்து வாங்குங்க. வெட்டின கிழங்கைத் தண்ணியில போட்டு வைக்காதீங்க, நமக்கு வேணுங்கிற மாவெல்லாம் அதுல போயிடும்.

கிழங்கை வதக்கல்ல ரெண்டு நிமிஷம் புரட்டி, ரெண்டு விரல் மூழ்குற அளவு மீன்முள் கொதிச்ச தண்ணி ஊத்தி, உப்புப் போட்டு, அரை மணி நேரம் மெதுவா கொதிக்க விடணும். கரண்டி போட்டுக் கிளறாம பானையைப் பிடிச்சு அசைக்கணும்.

மீனைப் போடுறதுதான் கூட்டத்துச் சமையல்ல கெட்டுப்போற இடம். நாலு பேருக்கு வைக்கிறப்போ தீயை அணைச்சுட்டு மீன்துண்டைப் போட்டு அஞ்சு நிமிஷம் மூடினா சரியா வெந்திருக்கும். நூறு பேர் அண்டாவுல அதே மாதிரி போட்டா, அண்டா சூடு ஒரு மணி நேரம் ஆனாலும் இறங்காது, சூரை மரத்தூள் மாதிரி ஆயிடும். அண்டாவுல கிழங்குச் சாறு மட்டும் வச்சுக்கிட்டு, பரிமாறுற நேரத்துல இருபது கிண்ணம் அளவுக்குச் சின்னப் பாத்திரத்துல மாத்தி, கொதி வந்ததும் இறக்கி, மூணு சென்டிமீட்டர் துண்டா மீனைப் போட்டு மூடுங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்து ஊத்திடலாம்.

சூரை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்த சூரையில ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டவங்களுக்கு முகம் செவந்து, அரிப்பு, தலைவலி வரும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. அதனால மீன் வாங்குறப்பவே ஐஸ் பெட்டியோட போங்க, வெட்டினதும் மறுபடி ஐஸ்ல வைங்க. நடுவுல ஓடுற கருஞ்சதையை எடுத்துடுங்க, அது குழம்புக்குக் கசப்பையும் கறுப்பையும் கொடுக்கும்.

முட்டம் கரை:

கடல் தட்டி ஒண்ணு தனியா வைங்க, "பாஸ்க் மக்கள்"ங்கிற தலைப்புல. சவேரியாரோட ஒட்டாம இருந்தாலும் நம்ம கரை ஆளுங்க அதைத்தான் முதல்ல தேடுவாங்க.

அவங்க பெரிய தொழில் திமிங்கில வேட்டை. கரையோரக் குன்றுல காவல் ஆள் நிப்பான், திமிங்கிலம் மூச்சு விடுறதைப் பார்த்ததும் புகை போட்டுச் சொல்லுவான். படகு இறங்கும். பதினாறாம் நூற்றாண்டுல கனடாவோட லாப்ரடார் கரை வரைக்கும் போனாங்க. அவங்க தேடின ரகம் மெதுவா நீந்தும், கொழுப்பு கனம் அதிகம், அதனால செத்தாலும் மிதக்கும். துடுப்புப் படகுல போய் எறியீட்டியால குத்தி, கரைக்கு இழுத்துட்டு வர முடிஞ்சது இதனாலதான். மூழ்குற ரகமா இருந்தா அந்தத் தொழிலே நடந்திருக்காது. கரையில கல்லடுப்பு கட்டி, செப்புக் கொப்பரையில கொழுப்பை உருக்கி, எண்ணெயைப் பீப்பாய்ல அடைப்பாங்க. ஐரோப்பாவுல விளக்கு எரிஞ்சது அந்த எண்ணெய்ல. அடுப்புக்கூரைக்குச் செவப்பு ஓடுகூட ஊர்ல இருந்தே கொண்டு போனாங்க, அந்த உடைஞ்ச ஓடுகள் இன்னும் லாப்ரடார்ல ரெட் பேங்கிற ஊர்க் கரையில கிடைக்குது.

அங்க 1565ல சான் யுவான்ங்கிற கப்பல், ஏறத்தாழ 1000 பீப்பாய் எண்ணெயோட, புயல்ல கட்டறுந்து துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிச்சு. செல்மா பார்க்கம்ங்கிற ஆய்வாளர் பாஸ்க் நாட்டுப் பழைய வழக்குப் பத்திரங்களைப் படிச்சு இடத்தைச் சொன்னாங்க, 1978ல கப்பல் கிடைச்சது. கூடவே எட்டு மீட்டர் நீளத்துல ஒரு சலுப்பா படகும். ரெட் பே 2013ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. பாஸ்க் கரையில கடைசித் திமிங்கிலம் பிடிச்சது ஓரியோங்கிற ஊர்ல, 1901 மே 14.

நம்ம வள்ளத்துக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்க திரைனேரா படத்தைப் போடுங்க. 12 மீட்டர் நீளம், துடுப்பு பிடிக்க 13 பேர், பின்னால நின்னு திசை பிடிக்க ஒரு ஆள். நெத்திலி, மத்தி பிடிக்கப் போன படகு அது. முதல்ல கரை சேர்ந்தவனுக்கு நல்ல விலை, அதனால வேகம் பிறந்துச்சு. இப்போ அது பந்தயப் படகு. தொனோஸ்தியா (சான் செபாஸ்தியன்) நகரத்துல செப்டம்பர் முதல் ரெண்டு ஞாயிறு போட்டி, 1879ல இருந்து நடக்குது.

லெகெய்த்தியோ ஊர் கசர்ராங்காவையும் விட்டுடாதீங்க. ஜூன் 29, இராயப்பர் திருநாள். மீனவர் சங்கத்துக் கணக்குப் புத்தகமும் பத்திரமும் இருக்கிற மரப்பெட்டியை எட்டுப் பேர் தோள்ல தூக்குவாங்க, அந்தப் பெட்டி மேல நின்னு ஒருத்தர் ஆடுவார். வெள்ளை உடுப்பு, மேல கறுப்புக் கோட்டு, கையில உயரத் தொப்பி. பழைய பொறுப்பாளர் வீட்டுல இருந்து புதுப் பொறுப்பாளர் வீட்டுக்குப் பெட்டி போற நாள் அது. கணக்கு கைமாறுறதை ஊரே கண்ணால பார்க்கணும்ங்கிற ஏற்பாடு. பங்குப்பேரவைக் கணக்கு வாசிக்கிற நம்ம ஊர்களுக்கு இது நல்லா உறைக்கும்.

வடசேரி வாசகன்:

ரொம்ப நன்றி. "ஸ்பெயின்", "பங்காளி", "கடற்கரை" மூணையும் எடுத்தாச்சு. புத்தன்வீடும் 1544 கடிதமும் முதல் ரெண்டு தட்டி. பாட்டு மட்டும் பாக்கி, யாராவது சொல்லுங்க.

வீசுகோல்:

வில்லுப்பாட்டுக்காரர்களுக்குப் பெர்ட்சோ என்ற பாஸ்க் மேடைப்பாட்டு உடனே பிடிபடும். பெர்ட்சோலரி என்பவர் மேடையில் அந்த நொடியில் பாட்டுக் கட்டுபவர். கருவி கிடையாது, கையில் தாள் கிடையாது. நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்வார்: "நீ கரையில் காத்திருக்கும் மனைவி, இவர் திரும்பி வந்த படகுக்காரர்." சில நொடி மௌனம், பிறகு பாட வேண்டும். எதிராளி அதே மெட்டில் பதில் பாடுவார், நம் எசப்பாட்டைப் போல. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றை ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கேட்கிறார்கள். 2009, 2017, 2022 மூன்றிலும் வென்றவர் மயாலென் லுகான்பியோ.

சோர்ட்சிகோ சிகியா என்ற அளவை முயன்று பாருங்கள். எட்டு வரி. ஒற்றைப்படை வரிக்கு ஏழு அசை, இரட்டைப்படை வரிக்கு ஆறு அசை. இங்கே அசை என்பது நம் நேர், நிரை அல்ல, உயிரொலிகளை எண்ண வேண்டும். 2, 4, 6, 8 வரிகள் ஒரே இயைபில் முடிய வேண்டும். எதுகை தேடிப் பழகிய நாக்கு முதலில் வரித் தொடக்கத்துக்கே போகும். அதைப் பழக்கித் திருப்ப வேண்டும். தமிழ் வினைமுற்றில் "-ஆன்", "-ஆர்" என்று முடித்தால் இயைபு மிக எளிதாக வந்து, பாட்டு சப்பென்று போய்விடும். பெயர்ச்சொல்லில் முடியுங்கள்.

கட்டும் முறை தலைகீழ். எட்டாம் வரியை முதலில் மனத்தில் முடிவுசெய்து, அதன் இயைபுக்கு இன்னும் மூன்று சொல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு முதல் வரியைத் தொடங்குவார்கள். அடி மேல் அடியாகக் கட்டிக்கொண்டு வந்தால் கடைசி வரி வலுவிழக்கும், கேட்பவர் மனத்தில் நிற்பதோ அந்த வரிதான்.

பெரிய பிழை ஒன்று உண்டு, பெயர் போட்டோ. ஒரு முறை இயைபாக வைத்த சொல்லையே அதே பாட்டில் மறுபடி வைப்பது. ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் அது பிழையில்லை: "கரை" கடற்கரைக்கு ஒருமுறை, வேட்டிக் கரைக்கு ஒருமுறை வரலாம். உங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் இரண்டு பேரை மட்டும் எடுத்து, மூன்று பாட்டு ஆளுக்கு ஆள் மாற்றிப் பாடச் சொல்லுங்கள். குடத்தையும் உடுக்கையையும் அந்தப் பத்து நிமிடம் நிறுத்திவிடுங்கள், தாளம் தொடர்ந்தால் யோசிக்கும் மௌனம் கிடைக்காது. சொல்லைத் தேடும் அந்த மௌனத்தையும் கூட்டம் சேர்ந்துதான் கேட்கிறது.